அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் மனை வாங்கலாமா?

கேள்வி: ஆற்றங்கரையில் ஒரு மனை விலைக்கு வருகிறது. 20 கிலோமீட்டர் மேலே பழைய மண் அணை ஒன்று இருக்கிறது. "அணை கட்டிய பிறகு 30 வருஷமாக இங்கே வெள்ளமே வந்ததில்லை" என்கிறார் விற்பவர். ஆனால் கரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து விழுகிறது, பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் கீழே போய்விட்டது, ஆற்றில் மீனும் குறைந்துவிட்டது என்கிறார்கள் அங்கே இருப்பவர்கள். அணை உடையும் ஆபத்து எவ்வளவு? மற்ற பிரச்சினைகளுக்கும் அணைக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எனக்கு உறுத்துவதே அந்த 30 வருஷம்தான்.

அணை தடுத்து நிறுத்துவது சின்ன வெள்ளத்தையும் நடுத்தர வெள்ளத்தையும். பெருமழை பெய்யும் நேரத்தில் நீர்த்தேக்கம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், உள்ளே வரும் தண்ணீரை அப்படியே வெளியே விடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இதில் ஒரு பழைய இழுபறி உண்டு. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் அணை நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத்தைப் பிடிக்க அதே அணை கொஞ்சமாவது காலியாக இருக்க வேண்டும். ஒரே பாத்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் முழுமையாகச் செய்ய முடியாது. மழைக்காலத்தின் பிற்பாதியில் பெரும்பாலான அணைகள் நிறைந்துதான் நிற்கும், பெரிய மழையும் அப்போது வந்தால் கீழே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

போதாததற்கு வண்டல் வேறு. உலகெங்கும் நீர்த்தேக்கங்கள் ஆண்டுக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை கொள்ளளவை வண்டலுக்குப் பறிகொடுக்கின்றன என்பது துறையில் புழங்கும் கணக்கு. சீனாவில் மஞ்சள் ஆற்றின் குறுக்கே 1960இல் நீர் தேக்கத் தொடங்கிய சான்மென்ஷியா அணையில் வண்டல் வந்து குவிந்த வேகத்தைப் பார்த்து, இரண்டே ஆண்டுகளில் அணையை இயக்கும் முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே கட்டிய நாளில் பலகையில் எழுதிய கொள்ளளவை நம்பாதீர்கள். கடைசியாக எப்போது அளந்தார்கள், அப்போது எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள்.

இதற்கிடையே ஆறும் சும்மா இருப்பதில்லை. வருஷா வருஷம் அடித்துப் போகும் வெள்ளம் நின்றுவிட்டால் நாணலும் புதரும் ஆற்றுக்குள் இறங்கும், அதன் பின்னாலேயே வேலி வரும், அப்புறம் வீடு வரும். முன்பு கரைக்குள் அடங்கி ஓடிய அதே அளவு தண்ணீர் இப்போது கரையைத் தாண்டும். நீங்கள் பார்க்கும் மனை அப்படி ஆற்றிடமிருந்து எடுத்த நிலமா என்று பழைய நில வரைபடத்தை வைத்து முதலில் பாருங்கள்.

சரி, உடையுமா?

ஒழுங்காகப் பராமரிக்கப்படும் அணை உடைவது அபூர்வம். ஆனால் உடைந்தால் அது மற்ற வெள்ளத்தைப் போல இருக்காது. மண் அணைக்கு எமன் இரண்டு. ஒன்று, தண்ணீர் அதன் தலைக்கு மேல் ஏறி வழிவது. கான்கிரீட் அணை அதைச் சில மணி நேரம் தாங்கக்கூடும், மண் அணையின் பின்சரிவை வழியும் தண்ணீர் அரித்தே தள்ளிவிடும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு இரண்டாவது அணை அப்படித்தான் உடைந்து மோர்பி நகரத்தை அடித்துப் போட்டது. அன்று வந்த வெள்ளம், அணையின் மதகுகள் வெளியேற்றக் கணக்கிட்ட அளவைப் போல சுமார் மூன்று மடங்கு. மதகுகளில் சில திறக்கவும் மறுத்தன.

இரண்டாவது, உள்ளிருந்தே அரிப்பது. மண் அணையைப் பார்க்கப் போனால் நான் முதலில் அதன் அடிவாரத்துக்குத்தான் இறங்குவேன். கசியாத மண் அணை கிடையாது, கசிவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தக் கசிவு நீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாகவே நின்றால் நிம்மதி. அடியில் மெல்லிய சேறு படிந்தால் அணையின் வயிற்றுக்குள் இருக்கும் மண் வெளியே வந்துகொண்டிருக்கலாம், அன்றே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படும் அணையில் கசிவு நீர் ஒரு சின்ன வாய்க்காலில் சேர்ந்து, 'வி' வடிவத்தில் வெட்டிய தகட்டின் வழியாக வழியும். தகட்டில் நீரின் உயரத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதுவார்கள். நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் போன வருஷம் இருந்த அளவே இருக்க, கசிவு மட்டும் கூடியிருந்தால் காரணம் கேட்க வேண்டும். தகட்டின் மேல் பாசி பிடித்துப் பதிவேடு பாதியில் நின்றிருந்தால், அந்த அணையைப் பற்றி எனக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணையில் நடந்தது இந்த உள்ளரிப்புதான். அது 93 மீட்டர் உயர மண் அணை, முதன்முறையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் கலங்கல் நீர் கசிவது கண்ணில் பட்டது. ஓட்டையை மண் தள்ளி அடைக்கப் புல்டோசர்களை அனுப்பினார்கள், அவற்றையும் ஓட்டை விழுங்கியது. நண்பகலுக்குச் சற்று முன் அணை சரிந்தது. அத்தனை பெரிய அணை உடைந்தும் இறந்தவர்கள் 11 பேர். பட்டப்பகல், எச்சரிக்கை கொடுக்கக் கொஞ்சம் நேரமும் கிடைத்தது. அதற்கு ஓராண்டுக்கு முன், 1975 ஆகஸ்டில் சீனாவின் பான்சியாவ் அணை நள்ளிரவு தாண்டி உடைந்தபோது புயலில் தகவல் தொடர்பே அறுந்து கிடந்தது. அந்தச் சில நாட்களில் சுற்றுவட்டாரத்தில் சின்னதும் பெரியதுமாக 62 அணைகள் போயின. வெள்ளத்தில் மட்டும் சுமார் 26,000 பேர் இறந்தார்கள் என்பது அதிகாரபூர்வக் கணக்கு, பின்னால் வந்த நோயும் பட்டினியும் சேர்ந்தால் எண்ணிக்கை பல மடங்கு. இரண்டு அணைகளும் ஒன்றல்ல, கீழே இருந்த மக்கள்தொகையும் ஒன்றல்ல. ஆனாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அணை எவ்வளவு உறுதி என்ற கேள்விக்குச் சமமாக, உங்களுக்கு யார், எப்படி, எத்தனை நிமிஷத்தில் சொல்வார்கள் என்ற கேள்வியையும் கேட்கத் தோன்றுகிறது.

அதனால் அணையை நிர்வகிக்கும் அலுவலகத்தில் இரண்டு ஆவணங்கள் கேளுங்கள்: அவசரகாலச் செயல்திட்டம், அணை உடைந்தால் மூழ்கும் பகுதிகளின் வரைபடம். அந்த வரைபடத்தில் உங்கள் மனைக்கு வெள்ளம் வந்து சேர எவ்வளவு நேரம், எத்தனை அடி உயரம் என்று இருக்கும். குறுகிய பள்ளத்தாக்கில் 20 கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை, விரிந்த சமவெளியில் அலை தளர்ந்து பரவும். "அப்படி ஒன்றும் எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அணை உடையாமலே ஊர் அழிந்த கதையும் உண்டு. 1963 அக்டோபர் 9 அன்று இத்தாலியின் வயோன்ட் நீர்த்தேக்கத்துக்குள் ஒரு மலைச்சரிவே சரிந்து விழுந்தது. எழுந்த அலை சுமார் 260 மீட்டர் உயர அணையைத் தாண்டிக் குதித்து, கீழே சுமார் 2,000 பேரைக் கொண்டுபோனது. கான்கிரீட் அணை இன்றும் அங்கேயே நிற்கிறது. பெரிய நீர்த்தேக்கத்தின் எடையும் பாறை இடுக்கில் இறங்கும் நீரும் நிலநடுக்கத்தைத் தூண்டுவதும் உண்டு. 1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கோய்னாவில் நடந்ததை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். இவை அணை இருக்கும் இடத்தைப் பொறுத்தவை, உங்கள் கணக்கில் பின்னால்தான் வரும்.

முன்னால் வர வேண்டியது, தண்ணீர் திறப்பது. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த 24 மாணவர்களை, மேலே இருந்த அணையில் திறந்துவிட்ட தண்ணீர் அடித்துச் சென்றது. அந்த அணைக்கு எந்தச் சேதமும் இல்லை, அது வழக்கம்போல வேலை செய்தது, அவ்வளவுதான். வானம் வெளுத்திருக்க, கணுக்கால் தண்ணீர் சில நிமிஷத்தில் நெஞ்சளவு வரும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் நான் அணை உடைவதைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுவேன். சங்கு ஊதுகிறார்களா, ஊதினால் மனை வரை கேட்கிறதா என்று அங்கேயே நின்று சோதியுங்கள்.

இப்போது கரைக்கு வருவோம். ஆறு ஓடும்போது தண்ணீரோடு மணலையும் வண்டலையும் சுமந்து போகும். நீர்த்தேக்கத்தில் வேகம் குறைந்ததும் சுமையெல்லாம் அங்கேயே இறங்கிவிடும். மதகில் வெளியே வருவது தெளிந்த நீர். அதற்குச் சுமக்கும் தெம்பு இருக்கிறது, சுமக்க ஒன்றும் இல்லை. ஆகவே கீழே உள்ள படுகையையும் கரையையும் அரித்துத் தன் சுமையைத் தேடிக்கொள்ளும். பசித்த நீர் என்றே இதற்குப் பெயர். படுகை தாழத் தாழ, கரையின் அடி அறுந்து மேல்மண் பாளம் பாளமாக விழும். மணல் அள்ளுவதும் சேர்ந்துவிட்டால் இன்னும் வேகம். கிணற்று விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஆற்று மட்டம் இறங்கினால் பக்கத்து நிலத்தடி நீர் ஆற்றை நோக்கி வடிந்து அதுவும் இறங்கும், வெள்ளம் பரவி ஊறிய காலமும் போய்விட்டது. கிணறு வற்றுவதற்கு மின்மோட்டார்களும் காரணமாக இருக்கலாம், அணையின் மேல் மட்டும் பழி போட மாட்டேன். ஆற்றிலிருந்து தள்ளி இருக்கும் கிணறுகள் பரவாயில்லாமல் இருந்து ஓரத்துக் கிணறுகள் மட்டும் இறங்கியிருந்தால் படுகைதான் காரணம் என்று நினைக்க இடம் உண்டு.

இந்தப் பசி கடல் வரை போகும். 1970இல் முடிந்த அஸ்வான் உயரணை வருவதற்கு முன் நைல் ஆறு ஆண்டுதோறும் 10 கோடி டன்னுக்கு மேல் வண்டல் சுமந்து வந்தது. அது நின்றபின் டெல்டாவின் கடற்கரை அரிப்பு வேகம் பிடித்தது. வெள்ளநீரின் சத்தை நம்பியிருந்த மத்தி மீன்பிடிப்பும் சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது.

உங்கள் ஆற்றின் மீனுக்கும் வழி அடைபட்டது ஒரு காரணம். முட்டையிட மேலே ஏறும் மீனுக்கு அணை ஒரு சுவர். யாங்சி ஆற்றில் 1981இல் ஓட்டத்தை அடைத்த கேசோபா அணை, சீனத் துடுப்பு மீனின் வழியை மறித்தது. அந்த இனம் அற்றுப்போனதாக 2022இல் அறிவித்தார்கள். இன்னொரு காரணம் வெப்பநிலை. ஆழமான நீர்த்தேக்கத்தின் அடிமதகில் வரும் தண்ணீர் குளிர்ந்தது, ஆக்சிஜன் குறைந்தது. மதகு திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடிக்கிறதா என்று ஆற்றங்கரைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணைக்குக் கீழே, கோடையில் வெதுவெதுப்பாக ஓடிய தண்ணீர் பல பத்தாண்டுகள் எப்போதும் ஜில்லென்றே இருந்ததால் அங்கத்து மீன்கள் சில இனப்பெருக்கம் செய்யவே தடுமாறின.

போன மீன் திரும்பவே திரும்பாதா என்றால், அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை அகற்றிய பிறகு சால்மன் மேலே ஏறத் தொடங்கியது. அடைபட்டிருந்த மணல் இறங்கி முகத்துவாரத்தில் புதிய கரையும் உண்டானது. உங்கள் அணையை யாரும் இடிக்கப் போவதில்லை, பாசனம் அதை நம்பி இருக்கும். ஆனால் இடையிடையே திட்டமிட்டு வெள்ளம் விடுவது, வண்டலை மதகு வழியே தள்ளிவிடுவது போன்றவற்றை அணையோடு சேர்த்தே செய்ய முடியும், கேட்கும் ஆட்கள்தான் குறைவு.

மனைக்கு என் பதில்: கரை ஓரத்தில் வீடு கட்ட வாங்காதீர்கள், விலை எவ்வளவு இறங்கினாலும். சாகுபடிக்கு என்றால் யோசிக்கலாம், வீட்டை வரைபடத்தில் மூழ்காத மேட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மேட்டுக்கு ஏறும் பாதை ஆற்றோடு இணையாகப் போகாமல் ஆற்றுக்குக் குறுக்கே விலகிப் போவதாக இருக்கட்டும்.

முடிவெடுக்க அவசரம் இல்லை என்றால் ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் பாலம் இருந்தால் அதன் தூண்களைப் பாருங்கள். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே, பழைய மண்மட்டத்தின் கறை தெரியும். அதற்குக் கீழே, மண்ணுக்குள் இருக்க வேண்டிய அடித்தளம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் படுகை அவ்வளவு இறங்கியிருக்கிறது. பாலத்தின் கைப்பிடியில் ஒரு புள்ளியைக் குறித்து, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த வருஷம் மழை ஓய்ந்தபின் அதே புள்ளியிலிருந்து மறுபடி இறக்கிப் பாருங்கள்.