டிடிஎஸ் மீட்டருக்குத் தெரியாத சங்கதி

கேள்வி: எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் 450தான் காட்டுகிறது. அப்புறம் யுரேனியத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்?

காங்கேயம் பக்கத்தில் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) தண்ணீரைப் பருப்பு வேகவைத்துத்தான் எடைபோடுவார். வெந்தால் நல்ல தண்ணி, வேகாவிட்டால் உப்புத் தண்ணி. அதில் பிடிபடுவது கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். யுரேனியம் கலந்த தண்ணீரில் பருப்பு ஜோராக வேகும். நிறம், வாசனை, ருசி எதுவும் மாறாது.

உங்கள் மீட்டரும் கிட்டத்தட்ட அமுச்சியின் பருப்புதான். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, மொத்த உப்பை மில்லிகிராமில் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் யுரேனியத்துக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், அதாவது 0.03 மில்லிகிராம். (நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 வரை விட்டது.) 450-இல் 0.03 இருக்கிறதா இல்லையா என்று அந்தக் குச்சிக்கு எப்படித் தெரியும்?

யுரேனியம் என்றதும் இங்கே எல்லோரும் ஆலையைத்தான் கை காட்டுகிறார்கள். நொய்யலைக் கெடுத்தது சாயக்கழிவு, சரி. ஆனால் இது பெரும்பாலும் பாறையின் வேலை. நம் காலடியில் கிடப்பது கிரானைட்டும், நைஸ் (gneiss) எனும் உருமாறிய பாறையும். பாறைக்குழம்பு ஆறும்போது மற்ற கனிமங்களில் இடம் கிடைக்காத யுரேனியம், கடைசியாக இறுகும் பகுதியில் போய்ச் சேர்கிறது. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பெரில் என்ற பச்சைநீல ரத்தினக்கல் கிடைத்ததும் அப்படிக் கடைசியில் இறுகிய பாறையில்தான். விரிசலில் தேங்கும் தண்ணீரில் ஆக்சிஜனும் பைகார்பனேட்டும் இருந்தால் யுரேனியம் மெல்லக் கரைந்துவிடும். விரிசல் இடத்துக்கு இடம் மாறும்; அதனால் பக்கத்துத் தோட்டத்து போரில் இல்லையென்பதால் உங்களுடையதில் இருக்காது என்று சொல்ல முடியாது.

கதிர்வீச்சை விட இதில் கவலை சிறுநீரகத்துக்குத்தான். காய்ச்சிக் குடித்தால் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், யுரேனியம் பாத்திரத்திலேயே நிற்கும். யூவி விளக்கு கிருமியைக் கொல்லும், அவ்வளவே. ஆர்ஓ பெருமளவு நீக்கிவிடும்.

ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது யுரேனியம் வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள், சாதாரணப் பரிசோதனைப் பட்டியலில் பல இடங்களில் அது இருப்பதில்லை. ஃப்ளோரைடு, நைட்ரேட்டையும் சேர்த்துப் பாருங்கள். நாங்கள் யுரேனியத்துக்குப் பயந்து கொடுத்தோம்; அது 11 மைக்ரோகிராம்தான். ஃப்ளோரைடு 1.8 மில்லிகிராம் வந்தது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. இப்போது குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுக் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் தென்னைக்கு.