டிஸ்னி வேர்ல்டில் அம்மாவுக்கு ஸ்கூட்டர்: வாங்குவதா, வாடகையா?

கேள்வி: நாங்கள் அட்லாண்டாவில் இருக்கிறோம். ஜூலையில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். நாலு நாள் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு போவதாகத் திட்டம். அம்மாவுக்கு 70 வயது, முட்டித் தேய்மானம். வீட்டுக்குள் நடப்பார், கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. மொபிலிட்டி ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டி) ஒன்றை ஊரிலேயே வாங்கி எடுத்துவரச் சொல்லலாமா, இங்கே வாடகைக்கு எடுக்கலாமா? வண்டியில் வருகிறவர்களை வரிசையில் காக்க வைக்காமல் உள்ளே விடுவார்களா?

பதில்: நாலு நாளுக்காக வாங்க வேண்டாம். ஊருக்குத் திரும்பியபின் அம்மா அதை ஓட்டுவாரா என்று பாருங்கள். நம் ஊர் நடைபாதைகளில் அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. விமானத்திலும் கெடுபிடி உண்டு. கழற்றி எடுக்கும் லித்தியம் பேட்டரி என்றால் 300 வாட்-மணிக்கு மேல் கூடாது, அதையும் கையோடு கேபினில்தான் கொண்டுவர வேண்டும். சார்ஜர் 230 வோல்ட்டுக்கு மட்டுமானது என்றால் இங்குள்ள 120 வோல்ட்டில் உதவாது.

வாடகையில் இரண்டு வழி. பார்க்கிலேயே எடுக்கலாம். முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவர்களுக்கே வண்டி. அதைவிடப் பெரிய குறை, அந்த வண்டியைப் பார்க்குக்கு வெளியே கொண்டுபோக முடியாது. டிஸ்னி வேர்ல்டின் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமில் காரை நிறுத்திவிட்டு மோனோரெயிலோ (ஒற்றைத் தண்டவாள ரயில்) படகோ ஏறித்தான் வாசலுக்கே போக வேண்டும். வாடகை வண்டி கைக்கு வருவதற்குள் அம்மாவுக்கு முட்டி வலி வந்துவிடும். மாலையில் சோர்ந்து திரும்பும்போதும் அதே கதைதான்.

அதனால் ஹோட்டலுக்கே கொண்டுவந்து தரும் வெளி நிறுவனத்திடம் எடுப்பதுதான் உங்களுக்குச் சரி. ராத்திரி அறையிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். டிஸ்னி பஸ், மோனோரெயில் இரண்டிலும் வண்டியோடு ஏறலாம். பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள்: வண்டியைத் தரும்போதும் திரும்ப வாங்கும்போதும் யாராவது ஹோட்டலில் இருக்க வேண்டுமா? வழியில் நின்றுபோனால் அன்றைக்கே மாற்று வண்டி வருமா? வண்டி சேதமானால் நம் பொறுப்பில்லை என்பதற்காகக் கட்டும் கூடுதல் கட்டணத்தில் திருட்டும் அடங்குமா? காரில் போவதாக இருந்தால், கழற்றினால் டிக்கியில் அடங்குமா, கனமான பாகம் எத்தனை கிலோ என்பதும் முக்கியம், தூக்கப்போவது நீங்கள்தானே. மூன்று சக்கர வண்டி குறுகலான இடத்தில் நன்றாகத் திரும்பும், ஆனால் புதிதாக ஓட்டுகிறவருக்கு நாலு சக்கரம்தான் ஆட்டமில்லாமல் இருக்கும்.

வரிசை விஷயம்: வண்டியில் வருவதற்காகக் காக்க வைக்காமல் விட மாட்டார்கள். வரிசைக்கு வெளியே காத்திருக்க உதவும் டிஸ்னியின் சலுகை, 2024 முதல் முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான். முட்டி வலிக்குக் கிடைக்காது. பெரும்பாலான வரிசைகளில் ஸ்கூட்டரிலேயே நகரலாம். சில இடங்களில் இறங்கி வீல்சேருக்கு மாறச் சொல்வார்கள். நாலைந்து அடி நடக்க முடிகிறவர் என்பதால் பல ரைடுகளில் அம்மா தானே இறங்கி ஏறிக்கொள்ளலாம்.

அப்புறம், எழுந்திருக்குமுன் சாவியை அணைக்கப் பழக்குங்கள். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு எழும்போது கை, வண்டியை நகர்த்தும் லீவரில் பட்டால் வண்டி பாய்ந்துவிடும். கூட்டத்தில், வேகத்தை மாற்றும் திருகில் ஆமைப் படம் போட்ட மெதுவான வேகமே போதும். ஜூலையில் ஆர்லாண்டோவில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வழக்கம், கன்ட்ரோல் பலகையை மூட ஒரு பிளாஸ்டிக் பை இருக்கட்டும். ரைடு வாசலில் ஒரே மாதிரி வண்டிகள் வரிசையாக நிற்கும், ஹேண்டிலில் பளிச்சென்று ஒரு ரிப்பன் கட்டிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் மடியில் ஏறக் கேட்பார்கள். முடியாது என்று வீட்டிலேயே சொல்லிவையுங்கள், ஒரு வண்டிக்கு ஒருவர்தான்.