ஈ.எஸ்.எல். கடிதம் வந்தால் முதலில் பிரின்சிபாலைப் பாருங்கள்

தம்பி, மார்த்தாண்டத்தில் எல்.கே.ஜி. முதல் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த மகளை நியூ ஜெர்சியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தால் ஈ.எஸ்.எல். வகுப்பில், அதாவது வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கான தனி இங்கிலீஷ் வகுப்பில், போட்டுவிட்டதாகக் கடிதம் அனுப்பிவிட்டார்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். எழுதிக் கொடுக்கும் முன் அந்தப் பள்ளியின் பிரின்சிபாலை ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

பிள்ளையைப் பெயிலாக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தந்திருப்பார்கள். நீங்கள் தமிழ் என்று எழுதியிருப்பீர்கள், அதனால் தேர்வு வைத்தார்கள். (அடுத்த பிள்ளைக்கு உஷாராக இங்கிலீஷ் என்று எழுதிவிடும் ஆட்கள் உண்டு. அந்த வேலை வேண்டாம்.) கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது என நான்கையும் அந்தத் தேர்வில் பார்ப்பார்கள். நம் ஊரில் பாடம் இங்கிலீஷில் இருந்தாலும் டீச்சர் விளக்குவது தமிழில்தானே? பிள்ளை பதிலை மனப்பாடம் செய்து அட்சரம் பிசகாமல் எழுதிவிடும். அதே பிள்ளையிடம் ஹெட்போனில் ஒரு அமெரிக்கக் குரல் கடகடவென்று கதை சொல்லி, 'அந்தப் பையனுக்கு ஏன் கோபம் வந்தது?' என்று கேட்டால் முழிக்கும்.

இந்த வகுப்பு பள்ளி இரக்கப்பட்டுத் தருவதும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகளுக்காக நடந்த லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில், எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாகாது என்று 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ் கற்றல் சட்டம் வந்த பிறகு, கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கத்து மலையாள வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தோடு மல்லுக்கட்டியதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் வகுப்பு வேண்டும் என்று சொல்வதோடு சரி. அது உருப்படியாக நடப்பது பிரின்சிபால் கையில். எந்த டீச்சர், எந்த பீரியட், எந்த அறை என்று முடிவு செய்வது அவர்தான். என் மகனை ஒரு பள்ளியில் சயின்ஸ் பீரியடில் ஈ.எஸ்.எல்.லுக்குக் கூட்டிப்போய்க் கொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் ஏறியது, சயின்ஸ் இறங்கியது. போய்க் கேட்டேன். பிரின்சிபால் கலர் கலராகக் கட்டம் போட்ட டைம்டேபிளை மேஜையில் விரித்தார். ஈ.எஸ்.எல். டீச்சர் இரண்டு பள்ளிகளுக்குப் பொது, காலையில் மட்டும்தான் இங்கே இருப்பார் என்றார். கொஞ்ச நேரம் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த வகுப்பின் சயின்ஸை மத்தியானத்துக்குத் தள்ளி, இங்கிலீஷ் பீரியடைக் காலைக்குக் கொண்டுவந்தார். வகுப்பு டீச்சரோ ஈ.எஸ்.எல். டீச்சரோ இதைச் செய்திருக்க முடியாது.

நீங்களும் அதைத்தான் கேட்க வேண்டும்: எந்தப் பாடத்தை விட்டுவிட்டு மகள் போகிறாள்? அப்புறம், இரண்டு டீச்சர்களும் சேர்ந்து உட்கார்ந்து பாடம் திட்டமிட வாரத்தில் நேரம் ஒதுக்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். நல்ல பிரின்சிபால் நாள், நேரத்தோடு சொல்வார். 'எங்கள் டீச்சர்கள் ரொம்ப நல்லவர்கள்' என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

நம் ஊரில் பிள்ளை வம்பு இழுத்தால்தான் ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போவோம். இங்கே ஈமெயில் போட்டு நேரம் கேட்டாலே போதும். இங்கிலீஷில் பேசத் தயக்கமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பெற்றோருக்குப் புரியும் மொழியில் விஷயத்தைச் சொல்வது பள்ளியின் கடமை, காசு கேட்க மாட்டார்கள். மகளையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

இதெல்லாம் கேட்ட பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் மறுத்தாலும் வருடாந்தர இங்கிலீஷ் தேர்வை அவள் தேறும்வரை எழுதித்தான் ஆக வேண்டும். வகுப்பில் இருந்து தேறி வெளியே வந்தால், அதன் பிறகும் குறைந்தது 2 ஆண்டுகள் அவள் படிப்பைப் பள்ளி கவனிக்க வேண்டும்.

போகும்போது மார்த்தாண்டம் பள்ளியின் மார்க் ஷீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டால், இங்கிலீஷ் வரவில்லை என்பதற்காக அவளைச் சுலபமான கணக்கு குரூப்பில் உட்காரவைக்க மாட்டார்கள்.