மேலே போகலாமா, காத்திருக்கலாமா? மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. "உத்தரவு வந்துவிட்டது, அப்பீல் போகலாமா?" என்கிறீர்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது, அந்த உத்தரவோடு வழக்கு முடிந்ததா, இன்னும் நடக்கிறதா என்பதைத்தான். வழி எது, கெடு எத்தனை நாள் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு என் அம்மா இறந்துபோனார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது. வார்டின் நர்சிங் குறிப்பேட்டை வரவழைக்கக் கேட்ட மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அப்பீல் உண்டா சார்? (வாசகி, திண்டுக்கல்)

அம்மா, உங்கள் புகார் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. தள்ளுபடியானது இடைக்கால மனு மட்டும். இதுபோன்ற உத்தரவுக்கு வழி மேல்முறையீடு அல்ல. மாநில ஆணையத்தில் சீராய்வு (ரிவிஷன்) மனு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 47 இதற்கு இடம் தருகிறது. 90 நாட்களுக்குள் போட வேண்டும். ஆனால் "உத்தரவு தப்பு" என்று மட்டும் சொன்னால் அங்கே எடுபடாது. மாவட்ட ஆணையம் தனக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டது, இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தத் தவறியது, அல்லது சட்டத்துக்குப் புறம்பாகவோ பெரிய முறைகேட்டுடனோ நடந்துகொண்டது என்று காட்ட வேண்டும். சீராய்வு போட்டுவிட்டதாலேயே கீழே வழக்கு நின்றுவிடாது. தடை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒவ்வொரு ஐ.ஏ. (இடைக்கால மனு) உத்தரவுக்கும் மேலே ஓடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. அலைச்சலில் வருடங்கள் போய்விடும். சாட்சி சொல்ல வேண்டிய நர்ஸ் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பார். ஆனால் நர்சிங் குறிப்பேடு விஷயத்தில் என் கருத்து வேறு. நான் நடத்திய ஒரு வழக்கில் இரவு 2 மணிக்கு ரத்த அழுத்தம் 80/50 என்று எழுதியிருந்தது. அடுத்த பதிவு 5.10-க்கு. நடுவில் ஒரு வரி கிடையாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இது எதுவும் இல்லை. அந்த மூன்று மணி நேரம்தான் வழக்கே. உங்கள் வழக்கும் அப்படி அந்தக் குறிப்பேட்டின் மேல்தான் நிற்கிறது என்றால் தயங்காமல் சீராய்வுக்குப் போங்கள். இல்லையென்றால் உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு வழக்கை நடத்துங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால், "அன்று அந்த ஆவணத்தை மறுத்தது தவறு" என்பதை மேல்முறையீட்டில் ஒரு காரணமாக எடுக்கலாம்.

அப்புறம் ஒன்று. நோயாளி தரப்பு எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளே சொல்கின்றன. அப்படி எழுதிக் கேட்ட கடிதமும் அஞ்சல் ரசீதும் உங்களிடம் இருந்தால் சீராய்வு மனுவோடு கட்டாயம் சேருங்கள்.

ஆஸ்பத்திரி மேலும் டாக்டர் மேலும் புகார் கொடுத்தோம். டாக்டர் மீதான புகாரை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டு ஆஸ்பத்திரி மீது வழக்கைத் தொடர்கிறார்கள். முழுத் தீர்ப்பு வரும்வரை பொறுத்திருக்கலாமா? (வாசகர், சேலம்)

வேண்டாம். ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை வழக்கு நடக்கிறது. டாக்டரைப் பொறுத்தவரை அன்றோடு முடிந்துவிட்டது. மேல்முறையீடு வராமல் விடப்பட்ட உத்தரவு இறுதியானது என்று சட்டத்தின் பிரிவு 68 சொல்கிறது. இரண்டு வருடம் கழித்து முழுத் தீர்ப்போடு சேர்த்துப் போனால், "இது எப்போதோ முடிந்த விஷயம்" என்று டாக்டரின் வக்கீல் எழுந்து நிற்பார். மேல்முறையீடா சீராய்வா என்பதை உங்கள் வக்கீல் உத்தரவின் வாசகத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். நீங்கள் குறுகிய கெடுவையே, அதாவது மேல்முறையீட்டுக்கான 45 நாளையே, மனதில் வையுங்கள்.

எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. ஆனால் 12 லட்சம் செலவான இடத்தில் 3 லட்சம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி அப்பீல் போகப் போகிறதாம். அங்கேயே நாங்களும் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர் சொல்கிறார். (வாசகர், தஞ்சாவூர்)

அந்த யோசனையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சிவில் கோர்ட்டில் எதிர்த்தரப்பு அப்பீல் போட்டால், நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் எதிர் ஆட்சேபம் போட சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 41 ரூல் 22 இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் அதை நம்பக் கூடாது. தொகை போதவில்லை என்றால் நீங்களே தனியாக மேல்முறையீடு போடுங்கள். உத்தரவுத் தேதியிலிருந்து 45 நாள். மேல்முறையீடு போட உத்தரவான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை, பணம் கொடுக்கும்படி உத்தரவிடப்பட்டவருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்லாமல் விட்டதால் பார்வை போயிற்று. தேசிய ஆணையம் 2009-ல் 5 லட்சம் கொடுத்தது. அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. தந்தையும் சும்மா இருக்காமல், தொகை போதாது என்று தனியாக மேல்முறையீடு போட்டார். 2015-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தந்தை போட்ட மேல்முறையீடு கோர்ட்டின் முன்னால் இருந்ததால்தான் தொகையைக் கூட்ட வழி இருந்தது.

ஆஸ்பத்திரி அப்பீல் போட்டுவிட்டது. இனி பணம் வராதா? (வாசகி, நாகர்கோவில்)

அப்பீல் போட்டாலே தடை வந்துவிட்டதாக அர்த்தமில்லை. உத்தரவான தொகையில் 50 சதவீதம் கட்டாமல் அவர்களுடைய மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே முடியாது. தேசிய ஆணையத்தில் இந்த முன்வைப்புத் தொகையைத் தள்ளுபடி செய்ய இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாநில ஆணையத்துக்கான பிரிவும் அதே வாசகம்தான். தடையாணை நகலை அவர்கள் காட்டாதவரை, பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனு போடலாம்.

கெடு தாண்டிவிட்டது. 51-ஆவது நாள். இனி ஒன்றும் முடியாதா? (வாசகர், விருதுநகர்)

முடியும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. போன வருடம் ஒரு பெரியவர் மஞ்சப்பையில் கட்டுக்கட்டாகக் காகிதத்தோடு வந்தார். அவருக்கும் ஆறு நாள் தாமதம்தான். ஆணையம் கொடுத்த இலவச நகலின் பின்பக்க முத்திரையைப் பார்த்தேன். உத்தரவுத் தேதிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் நகல் அவர் கைக்கு வந்திருந்தது. அந்த முத்திரைதான் எங்கள் மன்னிப்பு மனுவின் முதல் பத்தி. உங்கள் நகலையும் திருப்பிப் பாருங்கள். தபாலில் வந்திருந்தால் உறையைத் தூக்கி எறியாதீர்கள்.

'வக்கீல் சொல்லவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு நாளும் எப்படிப் போனது என்று எழுதுங்கள். அப்புறம், உத்தரவில் கணக்குப் பிழை என்று அதே ஆணையத்தில் மறுஆய்வு (ரிவ்யூ) மனு போட்டுவிட்டு அதற்காகக் காத்திருந்து மேல்முறையீட்டைக் கோட்டை விடுபவர்களும் இருக்கிறார்கள். மறுஆய்வு என்பது பார்த்தவுடன் தெரியும் பிழைக்கு மட்டும். அதைப் போட்டதால் 45 நாள் கெடு தானாக நிற்காது.

ஒரு வாய்தாவுக்குப் போகவில்லை. புகாரையே தள்ளுபடி செய்துவிட்டார்கள். அதே ஆணையத்தில் திரும்ப எடுக்கச் சொல்லலாமா? (வாசகர், கடலூர்)

மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது வழக்கை முடித்த உத்தரவு. நேராக மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போங்கள். சிவில் கோர்ட்டில் இதுவே தலைகீழ்: ஆஜராகாததால் வந்த தள்ளுபடி அங்கே டிகிரி (அப்பீல் போகக்கூடிய தீர்ப்பாணை) ஆகாது, 30 நாளில் அதே கோர்ட்டில் ஆர்டர் 9 ரூல் 9-ல் மனு போட வேண்டும். ஆனால் ஆர்டர் 7 ரூல் 11-ல் பிராதை (வழக்கு மனுவை) நிராகரித்தால் அது டிகிரியாகவே கருதப்படும், அதற்கு அப்பீல்தான்.

மேல்கோர்ட், நஷ்ட ஈட்டுத் தொகையை மட்டும் முடிவு செய்யச் சொல்லி வழக்கைக் கீழே திருப்பி அனுப்பிவிட்டது. எல்லாம் முதலிலிருந்தா? (வாசகி, கோயம்புத்தூர்)

இல்லை, தைரியமாக இருங்கள். கவனக்குறைவு உண்டு என்று மேலே தீர்மானமாகிவிட்டால் அந்தப் பகுதி முடிந்தது. 1998-ல் மனைவியை இழந்த டாக்டர் குணால் சாஹாவின் கொல்கத்தா வழக்கு இப்படித்தான் போனது. தேசிய ஆணையம் 2006-ல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2009-ல் கவனக்குறைவை உறுதி செய்து, தொகைக்காக மட்டும் திருப்பி அனுப்பியது. ஆணையம் 2011-ல் கொடுத்த தொகையில் திருப்தி இல்லாமல் அவர் மறுபடி மேலே போனார். 2013-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது சுமார் 6 கோடி ரூபாய், வட்டியோடு. தொகை நிர்ணயம் என்பது தனி உத்தரவு, அதற்குத் தனி மேல்முறையீடு. ஆகவே இப்போது கீழே நடக்கும் விசாரணையில் பிசியோதெரபி பில், வேலைக்குப் போக முடியாமல் விட்ட சம்பளம், இனி ஆகப்போகும் மருந்துச் செலவு எல்லாவற்றையும் ஆவணத்தோடு வையுங்கள். இங்கே வைக்காத பில்லை மேலே போய்ப் புதிதாக நீட்டினால் ஏற்கவைப்பது மிகக் கஷ்டம்.

மாநில ஆணையத்திலும் தோற்றுவிட்டோம். அடுத்து? (வாசகர், மதுரை)

மாவட்டத்தில் தொடங்கிய வழக்கு என்றால், தேசிய ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு உண்டு. முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டும். டாக்டர் சொன்னதைக் கீழ் ஆணையம் நம்பியிருக்கக் கூடாது என்ற வாதம் அங்கே எடுபடாது. தேசிய ஆணையம் மேல்முறையீட்டில் சொன்ன உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குச் சட்டப்படியான அப்பீல் கிடையாது. அரசியலமைப்பின் 227-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் போகலாம் என்று 2022-ல் தீர்ப்பு இருக்கிறது. தேசிய ஆணையம், உயர் நீதிமன்றம் இரண்டு இடத்திலும் உண்மைகளை மறுபடி அலசமாட்டார்கள் என்பதை மனதில் வைத்துச் செலவை முடிவு செய்யுங்கள்.