அப்பாவுக்கு மன அழுத்த மாத்திரை, பாதியில நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயசு. அம்மா போய் எட்டு மாசம் ஆகுது. சரியா சாப்பிடறதில்ல, விடியக்காலை 3 மணிக்கே முழிச்சுக்கறார், யார்கிட்டயும் பேச்சு இல்ல, கேட்டா உடம்பு வலிங்கறார். பிபிக்கு எப்பவும் பாக்கற எங்க ஏரியா டாக்டர் எஸ்சிட்டலோபிராம் 5 மி.கி. எழுதினார். பத்து நாள் ஆச்சு, ஒரு மாத்தமும் இல்ல, வயித்தப் புரட்டுதுன்னு விட்டுடப் பாக்கறார். இது அடிமையாக்கிடும்னு சித்தப்பா வேற சொல்றார். நிறுத்திடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்கம்மா. பத்து நாள்ல இந்த மாத்திரை வேலை செய்யாது, பொதுவா நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும், வயசானவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே ஆகலாம். குமட்டல் பெரும்பாலும் ரெண்டு வாரத்துல தணிஞ்சுடும், சாப்பிட்டப்புறம் கொடுத்துப் பாருங்க. 5 மி.கி.ல ஆரம்பிச்சது சரிதான், இந்த வயசுல 10 மி.கி.க்கு மேல போகறதில்ல, இதயத் துடிப்புல பிரச்சனை வரலாம்னுதான்.

சித்தப்பா பயப்படறது, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கற அல்பிரசோலம், குளோனாசெபாம் மாதிரி மாத்திரைகளுக்குத்தான் பொருந்தும், இதுக்கு இல்ல. எஸ்சிட்டலோபிராமோட குளோனாசெபாம் சேர்ந்தே ஒரே மாத்திரையா நம்ம ஊர்ல நிறைய ஓடுது, அதனால அட்டையை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அது இருந்தா நைட்ல பாத்ரூம் போறப்ப தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு உடையற ஆபத்து இருக்கு, வயசானவங்களுக்கு அதை மாசக்கணக்கா எழுதறதை என்னால ஏத்துக்கவே முடியல. ஆனா அதையும் நீங்களா திடீர்னு நிறுத்தக்கூடாது, டாக்டர்தான் படிப்படியா குறைக்கணும். தூக்கத்துக்கும் வலிக்கும் சேர்த்துன்னு அமிட்ரிப்டிலின் கொடுக்கறதும் உண்டு, வயசானவங்களுக்கு அதுல மலச்சிக்கல், யூரின் அடைப்பு, மனக்குழப்பம் எல்லாம் வரும்.

நான் ரொம்ப அழுத்திச் சொல்றது சோடியம் பத்தி. இந்த வகை மாத்திரை ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல வயசானவங்களுக்கு ரத்தத்துல சோடியம் (உப்புச்சத்து) இறங்கலாம், பிபி மாத்திரையில யூரினை அதிகமாக்கற ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ இருந்தா இன்னும் அதிகமா (மாத்திரை பேர் கடைசியில எச்னு இருந்தா பெரும்பாலும் அதுதான்). அப்போ தலைவலி, தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, எந்நேரமும் அசதின்னு வரும், வீட்ல வயசாயிடுச்சு அதான்னு விட்டுடுவாங்க, சிலருக்கு வலிப்பு வரைக்கும் போயிடும். ரெண்டாவது வாரம் முடியறப்ப ஒரு சோடியம் டெஸ்ட் எழுதச் சொல்லிக் கேளுங்க, சாதாரண ரத்தப் பரிசோதனைதான். முன்னாடியே பாக்கலைன்னா தைராய்டு, பி12, ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாத்துடுங்க, அதெல்லாம் குறைஞ்சாலும் மனுஷன் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார்.

ஆஸ்பிரின் சாப்பிடறாரா? முட்டிவலிக்கு கடையில வலி மாத்திரை வாங்கிப் போடறாரா? அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, இதோட சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும். மலம் கறுப்பா போனா உடனே ஆஸ்பத்திரி.

நல்லாயிட்டார்னு தெரிஞ்சப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம், பல பேருக்கு ஒரு வருஷம் தொடரணும், அப்புறம் டாக்டரே மெல்லக் குறைப்பார். ஆறு வாரம் ஆகியும் துளி மாத்தம் இல்லைன்னா மனநல டாக்டர்கிட்ட போங்க, மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலயே பாக்கறாங்க.

இன்னொண்ணு, 'உயிரோட இருந்து என்னத்துக்குன்னு தோணுதாப்பா'ன்னு அவர்கிட்ட நேரா கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே கிளப்பி விட்டுடுவோமோன்னு பயப்படவே வேணாம், அப்படி ஆகாது. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, மாத்திரை டப்பாவையும் வீட்ல பூச்சிமருந்து இருந்தா அதையும் பூட்டி வைங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ராத்திரி நேரம்னா 14416-க்கு போன் போடுங்க, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.