சென்னைப் பல்கலைக்கழகத்தில் உலகம் திரும்பிப் பார்த்த ஆராய்ச்சி ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் கிண்டியில். ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல் இயற்பியல் துறைத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை எடுத்துக்கொண்டு, கங்காரு வால் தசைநாரில் எல்லாம் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படம் எடுத்து, அது மூன்று இழை போட்டுப் பின்னிய சடை மாதிரி என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் சொன்னார்.

அப்புறம் 1963-இல் வந்ததுதான் ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலியை இஷ்டத்துக்கு முறுக்க முடியாது, அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எந்தெந்தக் கோணத்தில் இடிக்காது என்று ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் கணக்குப் போட்டு வரைந்தார். இன்றைக்கும் புதிதாக ஒரு புரத வடிவத்தைக் கண்டுபிடித்தால் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் எந்த விருதையும்விட இதுதான் பெரிது.

விருதும் வந்தது: 1961-இல் இந்திய அறிவியலாளர்களுக்கான பட்நாகர் பரிசு, 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினர், 1999-இல் படிக ஆராய்ச்சிக்கான எவால்ட் பரிசு. நோபல் மட்டும் வரவில்லை. ராயல் சொசைட்டி கூப்பிட்டபோது அவர் பெங்களூருக்குப் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது, அது வேறு விஷயம்.