ஐவரி கோஸ்ட் கால்பந்து வீரர் டிடியே ட்ரோக்பா: கேள்வி பதில்

கேள்வி: லண்டன் கிளப் செல்சிக்காக ட்ரோக்பா 381 ஆட்டங்களில் 164 கோல். அதைவிட அதிகம் அடித்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு ஏன் இவரை இப்படித் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: கணக்கு சரிதான், ஆனால் எந்த நாளில் அடித்தார் என்று பாருங்கள். இங்கிலாந்து கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பையின் நான்கு இறுதி ஆட்டங்களில் கோல் போட்டவர். ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் 2012 இறுதி ஆட்டம் மியூனிக்கில், எதிரணி பயர்னின் சொந்த மைதானத்தில். 83-வது நிமிடம் பயர்னின் முல்லர் கோல் போட்டார். 88-ல் சக வீரர் மாட்டாவின் கார்னரை ட்ரோக்பா தலையால் முட்டி உள்ளே தள்ளினார். கூடுதல் நேரத்தில் பயர்னின் ரிபெரியைத் தட்டிவிட்டு பெனால்டி கொடுத்ததும் இவர்தான்; செல்சி கோல்கீப்பர் செக் காப்பாற்றினார். சமநிலையை முடிக்கும் பெனால்டி ஷூட்அவுட்டில், வெற்றியைத் தந்த கடைசி உதையும் இவருடையது. செல்சியின் முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை அது.

கேள்வி: சிறு வயதிலேயே பெரிய கிளப்பில் சேர்ந்தவரா?

பதில்: இல்லை. 1978-ல் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் பிறந்து, 5 வயதில் பிரான்சில் கால்பந்து ஆடிய உறவினரிடம் அனுப்பப்பட்டார். பிரான்சின் லெ மான் கிளப்பில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தபோதே வயது 21. அப்புறம் கேங்கோம்ப், மார்சே என்ற பிரெஞ்சு கிளப்புகள். மார்சேயில் ஒரே சீசன், லீக்கில் 19 கோல். 2004-ல் செல்சி 2 கோடியே 40 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது.

கேள்வி: அவர் மண்டியிட்டுக் கேட்டதும் உள்நாட்டுப் போர் நின்றுவிட்டது என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, நிஜமா?

பதில்: வீடியோ நிஜம், தலைப்பு மிகை. 2005 அக்டோபரில் சூடானை வென்று ஐவரி கோஸ்ட் முதல்முறை உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உடை மாற்றும் அறையில், கேமரா முன் வீரர்கள் எல்லோரும் மண்டியிட, ஆயுதங்களைக் கீழே போடச் சொல்லி ட்ரோக்பா கெஞ்சினார். 2002 முதல் நாட்டின் வடக்கு கிளர்ச்சியாளர்கள் கையில், தெற்கு அரசின் கையில். ஆனால் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 2007 மார்ச்சில்தான். அது பேச்சுவார்த்தையின் பலன். 2010 தேர்தலுக்குப் பிறகு மறுபடி சண்டை வெடித்தது. அவர் சாதித்தது வேறு: 2007 ஜூனில் மடகாஸ்கருக்கு எதிரான ஆட்டத்தைக் கிளர்ச்சியாளர்களின் கோட்டையான புவாக்கேயில் நடத்த வைத்தார். 5-0, ஐந்தாவது கோல் அவருடையது. எனக்கு அந்த வீடியோவைவிட இந்த ஆட்டம்தான் பெரிது.

கேள்வி: ஆட்டத்தில் ஃபவுல் வாங்குவதற்காக சும்மா சும்மா கீழே விழுவாராமே?

பதில்: விழுவார். ஆரம்ப ஆண்டுகளில் கொஞ்சம் அதிகமாகவே.

கேள்வி: நாட்டுக்காக என்ன கோப்பை வாங்கிக் கொடுத்தார்?

பதில்: ஆப்பிரிக்கக் கோப்பை கிடைக்கவே இல்லை. 65 கோல் அடித்து நாட்டின் சாதனையாளர் ஆனவர், 2006, 2012 இரண்டு இறுதி ஆட்டங்களிலும் ஷூட்அவுட்டில் தோற்றார். 2006 ஷூட்அவுட்டில் அவர் உதையே தடுக்கப்பட்டது. 2012-ல் ஆட்ட நேரத்திலேயே ஒரு பெனால்டியை கோல் கம்பத்துக்கு மேலே அடித்தார். 2014-ல் நாட்டு அணியிலிருந்து ஓய்வு. 2015-ல் அணி கோப்பையை வென்றது!

கேள்வி: ஊரில் இன்னும் அதே செல்வாக்கு உண்டா?

பதில்: அபிஜானில் ஒரு லிட்டர் பீர் பாட்டிலுக்கே அவர் பெயர் வைத்திருந்தார்கள். ஆனாலும் 2022-ல் கால்பந்து சங்கத் தலைவர் தேர்தலில் முதல் சுற்றிலேயே தோற்றார். ரசிகர்களுக்கு அங்கே ஓட்டு கிடையாதே!